டாங்கி டெயில் இலை கொட்டுகிறதா? சீடம் செடிகளைப் பற்றி ஒரு விரிவான பதில்

தொங்கு தொட்டியில் வாங்கி வந்த டாங்கி டெயில் (கழுதை வால்) செடி சில வாரங்களிலேயே இலையைக் கொட்டத் தொடங்கிவிட்டது. தொட்டியின் மேல்பக்கம் மொட்டையாகிவிட்டது. வாரம் இரண்டு முறை தவறாமல் தண்ணீர் விட்டும் மிச்சமிருக்கும் இலைகள் சுருங்குகின்றன. இது என்ன வகைச் செடி, இதை எப்படித்தான் வளர்ப்பது? இதுதான் உங்கள் கேள்வி. பாதி விடை கேள்விக்குள்ளேயே இருக்கிறது: வாரம் இரண்டு முறை. இந்தச் செடிக்குக் கிழமை பார்த்துத் தண்ணீர் விடக்கூடாது, இலையைப் பார்த்து விட வேண்டும். ஏன் என்று புரிய, முதலில் செடியைப் பற்றிக் கொஞ்சம்.

டாங்கி டெயில் என்பது சீடம் பேரினத்தைச் சேர்ந்த சக்குலென்ட், அதாவது தண்ணீரைத் தன்னுள் சேர்த்துவைக்கும் சதைப்பற்றுச் செடி. தாவரவியல் பெயர் சீடம் மார்கேனியானம். சீடம் பேரினத்தில் நானூறுக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை உலகின் வடபாதியில் பாறை இடுக்கு, மலைச்சரிவு, பழைய கற்சுவர் என்று மண் ஒரு கைப்பிடிகூடத் தேறாத இடங்களில் வளர்பவை. குடும்பம் கிராசுலேசியே. இலையைக் கிள்ளிப்போட்டால் ஓரமெல்லாம் குட்டி போடுமே ரணகள்ளி, அதுவும் இதே குடும்பம்தான். பெயரில் கள்ளி இருப்பதால் பலர் இவற்றையெல்லாம் கள்ளிச்செடியோடு சேர்த்துவிடுகிறார்கள். சீடத்தில் முள் கிடையாது, உடைத்தால் பால் வடியாது. பூக்கள் பெரும்பாலும் ஐந்து இதழ் கொண்ட சின்ன நட்சத்திரங்கள், உள்ளே பத்து மகரந்தத் தாள்கள்.

சீடம் என்ற ஒரே பெயரின் கீழ் ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு கூட்டங்கள் விற்கப்படுகின்றன. குழப்பம் பாதி இங்கிருந்துதான் வருகிறது. ஐரோப்பாவின் சீடம் ஏக்கர், சீடம் ஆல்பம் போன்றவை பனியில் உறைந்து மீண்டும் துளிர்ப்பவை. தரையோடு தரையாகப் பாய் விரித்ததுபோல் பரவும். உயரமாக வளர்ந்து இலையுதிர் காலத்தில் இளஞ்சிவப்புக் கொத்தாகப் பூக்கும் தோட்டச் சீடங்களை இப்போது தாவரவியலாளர்கள் சீடத்தில் வைப்பதே இல்லை. 1977-இல் ஜப்பானியத் தாவரவியலாளர் ஹிதேயாகி ஓபா உருவாக்கிய ஹைலோடெலிபியம் என்ற தனிப் பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். கடைகளில் மட்டும் பழைய பெயர் தொடர்கிறது. இந்தக் குளிர்நாட்டுக் கூட்டத்துக்கு ஆண்டில் ஒரு குளிர்காலம் வேண்டும். இன்னொரு கூட்டம் மெக்சிகோவைச் சேர்ந்தது: உங்கள் டாங்கி டெயில், ஜெல்லி பீன் என்று விற்கும் சீடம் ரூப்ரோடிங்டம், செம்பொன் நிறத்துக்கு மாறும் சீடம் நஸ்பாமெரியானம். இவற்றுக்கு உறைபனி ஆகாது. ஆண்டு முழுவதும் வெப்பமாக இருக்கும் இடத்தில் வளர்ப்பவர்கள் மெக்சிகோக் கூட்டத்தையும், கிழக்காசியாவின் சீடம் லீனியாரே, சீடம் மக்கினோய் போன்றவற்றையும் எடுத்துக்கொள்வது நல்லது. படத்தில் அழகாக இருக்கிறதே என்று பனிநாட்டுச் செடியை வெப்பமண்டலத்துக்குக் கொண்டுவந்து, அது மெலிந்து அழுகியதும் கைராசியைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

டாங்கி டெயிலை அறிவியல் முறைப்படி 1938-இல் விவரித்தவர் தாவரவியலாளர் எரிக் வால்தர். வேடிக்கை என்னவென்றால், காட்டிலிருந்து அல்ல, வளர்ப்புச் செடியாகத்தான் இது தாவரவியலுக்கு அறிமுகமானது. இதன் இயற்கையான இருப்பிடம் மெக்சிகோவின் வெராகுரூஸ் மாநிலத்துப் பள்ளத்தாக்குகளில் இருக்கும் செங்குத்துப் பாறைகள் என்பது பல பத்தாண்டுகள் கழித்தே தெரிந்தது. அந்தப் பாறையைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்தால் வேர் நனையும். ஆனால் தண்ணீர் தங்க வழியே இல்லை, வழிந்து ஓடிவிடும். வேர் இறங்க ஆழமும் இல்லை. செடி நிமிர்ந்து நிற்கத் தேவையில்லை, பாறையிலிருந்து தொங்கினால் போதும். அதனால்தான் தண்டு மெல்லியது, இலை கனமானது. நன்றாக வளர்ந்த தண்டு அறுபது சென்டிமீட்டரைத் தாண்டித் தொங்கும். இலை ஒவ்வொன்றும் இரண்டு சென்டிமீட்டர் அளவில், இரு முனையும் கூம்பி, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து அடுக்கியிருக்கும்.

இலையின் மேல் வெளிர்நீலமாக ஒரு பூச்சு தெரியும். தூசி என்று நினைத்துத் துடைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து துடைக்காதீர்கள். அது செடி தானே சுரக்கும் மெழுகு. வெயிலைத் திருப்பி அனுப்பும், நீர் ஆவியாவதைக் குறைக்கும், தண்ணீர் துளி ஒட்டாமல் உருண்டோடச் செய்யும். விரல் பட்ட இடத்தில் அது போனால், வளர்ந்து முடிந்த இலையில் பழையபடி வராது.

அடுத்து, இந்தக் குடும்பத்தின் பெரிய வித்தை. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும்; அப்போதே நீரும் ஆவியாகிப் போகும். கிராசுலேசியே குடும்பத்துச் செடிகள் பல, வெக்கை தணிந்த இரவில் துளைகளைத் திறக்கின்றன. எடுத்த வாயுவை மாலிக் அமிலமாக்கி இலைச் செல்களுக்குள் சேர்த்துவைக்கின்றன. விடிந்ததும் கதவை மூடிக்கொண்டு, அந்தச் சேமிப்பை வெளியே எடுத்து வெயிலில் உணவு தயாரிக்கின்றன. இதன் பெயரே இந்தக் குடும்பத்தை வைத்து வந்ததுதான்: கிராசுலேசியன் அமில வளர்சிதைமாற்றம். இதற்கு ஒரு பழைய சாட்சியும் இருக்கிறது. இந்தியாவில் பணியாற்றிய தாவரவியலாளர் பெஞ்சமின் ஹெய்ன், ரணகள்ளி இலை காலையில் புளிப்பாகவும் நடுப்பகலில் சுவையற்றும் இருப்பதைக் கவனித்து எழுதினார். அது 1815-இல் லண்டன் லின்னேயன் கழகத்தின் இதழில் வெளியானது. இலையை வாயில் போட்டு மென்று பார்த்து ஒரு மனிதர் கண்டதன் காரணத்தை வேதியியல் விளக்க நூறாண்டுக்கும் மேல் ஆனது. எல்லாச் சீடமும் எப்போதும் இப்படியே நடந்துகொள்வதில்லை. சீடம் ஆல்பம் போன்றவை தண்ணீர் கிடைக்கும்போது சாதாரணச் செடி மாதிரி இருந்து, வறட்சி வந்ததும் இரவு முறைக்கு மாறிக்கொள்ளும்.

வளர்ப்பவருக்கு இதிலிருந்து இரண்டு பாடம். ஒன்று, இலைதான் செடியின் தண்ணீர்த் தொட்டி. அது நிறைந்திருக்கும்போது வேருக்கு நீங்கள் கொடுப்பது உபரி. இரண்டு, இரவும் புழுக்கமாக இருக்கும் கோடை நாட்களில் இந்த முறை சரியாக ஓடாது, வளர்ச்சி மந்தமாகும். வெயில் அதிகம், பாவம் தாகமாக இருக்கும் என்று அப்போது தண்ணீரைக் கூட்டினால், குடிக்காத செடிக்கு ஊற்றுகிறீர்கள் என்று பொருள்.

சரி, எப்போதுதான் விடுவது? தண்டின் நடுப்பகுதியில் ஒரு இலையை மெதுவாக அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி விறைப்பாக இருந்தால் வேண்டாம். லேசாக நெகிழ்ந்து, மேல்தோலில் மெல்லிய சுருக்கம் தெரிந்தால் விடலாம். கூடவே தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். காய்ந்த தொட்டி கையிலேயே தெரியும். மண் அடிவரை காய்ந்திருக்க வேண்டும். விடும்போது கஞ்சத்தனம் வேண்டாம்: அடித்துளை வழியே வெளியேறும் வரை விட்டு, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். தினமும் ஒரு கரண்டி ஊற்றுவதும், தெளிப்பானால் இலையை நனைப்பதும் பயனற்றவை. வேருக்குப் போதாது, இலையடுக்குகளுக்குள் ஈரம் நின்று பூஞ்சைக்கு உதவும். வளரும் பருவத்தில் இந்தச் சோதனை உங்களைப் பத்து நாளுக்கு ஒருமுறை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்ற அளவுக்குக் கொண்டுவரலாம். குளிரிலும் அடைமழையிலும் ஒரு மாதம்கூடப் போகும். எண்ணைப் பிடித்துக்கொள்ளாதீர்கள், இலையைப் பாருங்கள்.

இப்போது உங்கள் செடியின் புதிருக்கு வருவோம். தண்ணீர் நிறைய விட்டும் இலை ஏன் சுருங்குகிறது? மண்ணில் ஈரம் தொடர்ந்து நின்றால் வேருக்குக் காற்று கிடைக்காது, நுனிவேர்கள் இறக்கும், ஈரத்தில் பெருகும் பூஞ்சை போன்ற உயிரிகள் மிச்சத்தை அழிக்கும். வேர் போன செடி தண்ணீருக்குள்ளேயே தாகத்தில் இருக்கும். சுருக்கத்தைப் பார்த்து மேலும் ஊற்றுவோம், கதை முடியும். ஆகவே சுருக்கம் தெரிந்தால் உடனே முடிவு கட்டாதீர்கள். மண் காய்ந்து இலை சுருங்கியிருந்தால் தாகம். தண்ணீர் விட்ட இரண்டொரு நாளில் இலை திரும்பும். மண் ஈரமாக இருந்தும் இலை சுருங்கியிருந்தால் வேரழுகல். அளவுக்கு மீறிக் குடித்த இலைக்கு வேறு அடையாளம்: கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும், மஞ்சளாகும், தொட்டால் நீர் பிதுங்கும். தண்டின் அடி கருத்துக் குழைந்திருந்தால் அந்தத் தண்டின் அடிப்பகுதியைக் காப்பாற்ற முடியாது. மேல்பகுதியை வெட்டி எடுத்துக்கொள்வதே வழி; எப்படி என்று கீழே சொல்கிறேன்.

இலை கொட்டுவதில் ஒரு பங்கு நோயே அல்ல. டாங்கி டெயிலின் இலை தண்டோடு மிக லேசாகத்தான் ஒட்டியிருக்கும். பூனை உரசினால் விழும், ஜன்னல் திரை பட்டால் விழும், கடையிலிருந்து வண்டியில் வந்தால் ஒரு பிடி விழும். இது செடியின் குறைபாடு இல்லை, அதன் இனப்பெருக்க வழி. விழுந்த இலை பாறை இடுக்கில் கிடந்து வேர்விட்டுப் புதுச்செடி ஆகிவிடும். இந்த உதிர்வு எரிச்சலாக இருந்தால் பரிட்டோ என்ற பெயரில் விற்கும் நெருங்கிய உறவுச் செடியை வாங்குங்கள். 1977-இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ரீட் மோரன் சீடம் பரிட்டோ என்று பெயரிட்டது. இலை குட்டையாக, நுனி உருண்டு இருக்கும், அவ்வளவு எளிதில் உதிராது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். கடைகளில் இரண்டையும் ஒரே பெயரில் வைத்திருப்பார்கள், இலை நுனியைப் பார்த்து வாங்குங்கள்: கூர்மை என்றால் டாங்கி டெயில், உருண்டை என்றால் பரிட்டோ.

மண் விஷயத்தில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். மற்ற எல்லாப் பராமரிப்பையும்விட இதுதான் செடியைக் காப்பாற்றுவது. நாற்றுப்பண்ணையிலிருந்து வரும் செடி பெரும்பாலும் தனிக் கோகோபீட்டில் (தேங்காய் நார்த்தூள்) இருக்கும். பண்ணையில் அது சரி. அங்கே நல்ல வெளிச்சமும் காற்றும் உண்டு. வீட்டு நிழலில் அதே கோகோபீட் நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்துவைக்கும். ஒருமுறை முழுதாகக் காய்ந்தாலோ தண்ணீரை உள்ளே விடாமல் ஓரமாக வழியவிடும். என் கலவை எளிது: ஒரு பங்கு மட்கிய தொழுவுரமோ மண்புழு உரம் கலந்த மண்ணோ, இரண்டு பங்கு பருபருவென்ற பொருள். அது பெர்லைட்டாக இருக்கலாம், பியூமிஸாக இருக்கலாம் (இரண்டும் எரிமலைப் பாறையிலிருந்து வரும் எடை குறைந்த துகள்கள்), மூன்று முதல் ஆறு மில்லிமீட்டர் அளவில் உடைத்துச் சலித்த செங்கல் துண்டாகவும் இருக்கலாம். செங்கல் தூளைச் சலித்து நீக்கிவிட வேண்டும், அது முக்கியம். நைசான மணல் வேண்டாம். மண்ணோடு சேர்ந்து இறுகிவிடும். ஒரு கை கலவையை நனைத்துப் பிடித்துத் திறந்தால் உருண்டையாக நிற்காமல் உதிர வேண்டும்.

தொட்டியின் அடியில் ஜல்லி போட்டால் வடிகால் நன்றாக இருக்கும் என்பது எல்லோரும் சொல்வது. நடப்பது அதற்கு நேர் எதிர். நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள ஜல்லிக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது. மேல் மண் முழுதும் ஊறிய பிறகுதான் சொட்டத் தொடங்கும். அதாவது தொட்டியின் அடியில் நிற்க வேண்டிய ஈரப் பகுதியை ஜல்லி உயர்த்தி, வேருக்கு அருகே கொண்டுவந்துவிடுகிறது. முழுத் தொட்டியையும் ஒரே கலவையால் நிரப்புங்கள். துளை வழியே மண் கொட்டாமல் இருக்க ஒரு துண்டு வலை போதும். சீடத்துக்கு இருப்பது மேலோட்டமான சல்லிவேர், அதனால் ஆழமற்ற தொட்டி தாராளம். சுடுமண் தொட்டி என்றால் ஓரங்களும் ஈரத்தை வெளியே விடும். தொங்கவிடும் கொக்கியை மட்டும் பலமாக அடியுங்கள். தண்ணீர் குடித்து வளர்ந்த செடி எதிர்பார்ப்பதைவிடக் கனக்கும்.

வெளிச்சம். காலை வெயில் நான்கு மணி நேரத்துக்கு மேல் கிடைத்து, உச்சி வெயில் மறையும் இடம் இதற்குப் பிடிக்கும். போதாவிட்டால் இலைகளுக்கு இடையே தண்டு தெரியும், இலை வெளிறி மெலியும். நீண்டு போன தண்டு பிறகு எவ்வளவு வெயில் காட்டினாலும் சுருங்காது. வெட்டி மறுபடி நடுவதுதான் வழி. ஜெல்லி பீன் போன்றவை நல்ல வெயிலில் சிவப்பது ஆந்தோசயனின் என்ற நிறமியால்; நிழலில் வைத்தால் அதே செடி பச்சையாகிவிடும். கடையில் சிவப்பாக இருந்தது வீட்டில் பச்சையானால் ஏமாந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். நிழலில் பழகிய செடியை ஒரே நாளில் வெயிலுக்குத் தூக்கிவைத்தால் இலையில் பழுப்புத் தழும்பு விழும், அது ஆறாது. பத்துப் பதினைந்து நாள் சிறிது சிறிதாகப் பழக்குங்கள்.

உச்சி மொட்டையாவதற்கும் காரணம் பெரும்பாலும் வெளிச்சம்தான். கூரைக்கு ஒட்டி உயரத்தில் தொங்கவிடுகிறோம். தொங்கும் நுனிகளுக்குப் பக்கவாட்டு வெளிச்சம் கிடைக்கிறது, தொட்டியின் வாய்க்குக் கிடைப்பதில்லை. அங்குள்ள பழைய இலைகள் கழிந்ததும் புதுத்துளிர் வர உந்துதல் இல்லை. தொட்டியைத் தாழ்த்தி, மேலிருந்து வெளிச்சம் விழும்படி வையுங்கள். அப்புறம் சில நுனிகளை வெட்டி அந்த மொட்டை இடத்திலேயே படுக்கவையுங்கள்.

வெட்டி நடுவது இப்படி. பத்து சென்டிமீட்டர் அளவுக்கு நலமான நுனியைச் சுத்தமான கத்தரியால் வெட்டுங்கள். அடியில் மூன்று, நான்கு சென்டிமீட்டருக்கு இலைகளைக் கழற்றுங்கள், அவற்றையும் எறிய வேண்டாம். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும் வரை, மூன்று முதல் ஐந்து நாள், நிழலில் வையுங்கள். பொறுமையில்லாமல் அன்றே நட்டால் ஈரக் காயம் வழியே அழுகல் ஏறும். பிறகு காய்ந்த கலவையின் மேல் வெற்றுத்தண்டு படும்படி கிடத்தி, நகராமல் ஒரு வளைந்த கம்பியால் பிடித்துவையுங்கள். கணுக்களிலிருந்து வேர் வரும். சில நாள் கழித்து லேசாக நீர் காட்டத் தொடங்கலாம். மெதுவாக இழுத்தால் மண்ணைப் பற்றிக்கொள்கிறது என்றால் வேர் பிடித்துவிட்டது, இனி வழக்கமான முறை.

இலையிலிருந்தும் வளர்க்கலாம், வளர்முனை இலையின் அடியில் இருப்பதால் அடிப்பகுதி உடையாமல் முழுதாகக் கழன்ற இலைதான் முளைக்கும். காய்ந்தபின் மண்மேல் பரப்பி நல்ல நிழலில் விட்டுவிட வேண்டும், புதைக்கத் தேவையில்லை. வேர் தலைகாட்டியதும் அந்தப் பக்கம் மட்டும் லேசாகத் தெளிக்கலாம், தெளிப்பானுக்கு இங்கே மட்டும்தான் வேலை. முளை இரண்டு மூன்று வாரத்தில் தெரியலாம். தொங்கும் வால் வேண்டுமென்றால் ஆண்டுக்கணக்கு. அவசரம் என்றால் தண்டுதான்.

உரம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வளரும் பருவத்தில் ஓரிரு முறை, சமச்சத்து உரத்தைப் பரிந்துரைத்த அளவில் கால்பங்கோ பாதியோ கரைத்து விட்டால் போதும். தழைச்சத்து மிகுந்தால் தண்டு நீண்டு வலுவிழக்கும்.

பூச்சியில் முக்கிய எதிரி மாவுப்பூச்சி. இலையிடுக்கில் பஞ்சுபோல் ஒளிந்திருக்கும். இந்தச் செடியின் அடுக்கு அதற்கு நல்ல மறைவிடம். பஞ்சுக்குச்சியை எழுபது சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்துப் பூச்சியின் மேல் மட்டும் தொட்டு எடுங்கள், வாரம் ஒருமுறை தொடர்ந்து பாருங்கள். ஆல்கஹாலும் வேப்பெண்ணெய்க் கரைசலும் மெழுகுப் பூச்சைக் கெடுக்கும் என்பதால் செடி முழுக்கத் தெளிக்காதீர்கள். எண்ணெய் பட்ட செடியை வெயிலில் வைக்கவும் கூடாது. மேலே எதுவும் தெரியாமல் செடி சோர்ந்தே இருந்தால் வேரைப் பாருங்கள், வேரிலும் மாவுப்பூச்சி வரும். எறும்பு நடமாட்டம் இருந்தால் தேடிப்பாருங்கள். பூச்சி வடிக்கும் இனிப்புக்காகத்தான் அவை வரும்.

உங்கள் செடிக்கு இப்போது செய்ய வேண்டியது: தண்ணீரை நிறுத்துங்கள். நல்ல நிலையில் இருக்கும் நுனிகளை முதலில் வெட்டிக் காயவையுங்கள், அவைதான் காப்பீடு. பிறகு செடியை மண்ணோடு எடுத்து வேரைப் பாருங்கள். வெளிர்நிறத்தில் உறுதியாக இருந்தால் ஈரக் கோகோபீட்டை உதிர்த்துவிட்டு, இரண்டு நாள் நிழலில் காயவைத்து, பருமனான கலவையில் நட்டு, ஒரு வாரம் கழித்துத் தண்ணீர் விடுங்கள். பழுப்பாகி உரித்தால் கழன்று வந்தால் அடிச்செடியை விட்டுவிட்டு நுனிகளை வைத்தே தொடங்குங்கள். எடுக்கும்போது தண்டுகளை மெல்லிய துணியால் தளர்வாகச் சுற்றிக்கொண்டால் உதிர்வு குறையும். அப்படியும் விழும், தரையில் ஒரு தாளை விரித்துப் பொறுக்கிக்கொள்ளுங்கள்.

டாங்கி டெயில் நாய்க்கும் பூனைக்கும் நஞ்சில்லை. ஆனால் எல்லாச் சக்குலென்டுக்கும் இதை நீட்டிக்கொள்ளாதீர்கள். அதே குடும்பத்து ரணகள்ளி வகைகள் அவற்றுக்கு நஞ்சு. பூவைப் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும்: முதிர்ந்த தண்டின் நுனியில் இளஞ்சிவப்பிலிருந்து சிவப்பு வரை கொத்தாகப் பூக்கும். வீட்டுக்குள் அபூர்வம், நல்ல வெளிச்சமும், சற்றே குளிர்ந்த, தண்ணீர் குறைந்த ஓய்வுக் காலமும் கிடைத்த செடியில் வாய்ப்பு அதிகம். குளிர் என்றால் ஐந்து டிகிரி செல்சியசுக்குக் கீழே போகவிட வேண்டாம்.